திகதி போடாத டொக்டர்

கைராசிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "வாயைத் திறங்க" என்பார்; பயந்துகொண்டே திறந்த வாய் மூடுவதற்குள் பல் கிண்ணத்தில் கிடக்கும். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி. பின்னேரம் நாலரைக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டையிலோ கட்டுக்கலையிலோ ஒரு பாமசிக்கு மேல்மாடியில் சொந்தக் கிளினிக். மடவளையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்கள் படியில் காத்திருப்பார்கள். பேராதனையில் படித்தவர். கொழும்பில் 1943இல் தொடங்கிய பல் மருத்துவப் படிப்பு 1954இல் பேராதனைக்கு வந்துவிட்டதால், நமது பல் டொக்டர்களில் பெரும்பாலோர் மகாவலித் தண்ணீர் குடித்துத் தேறியவர்களே.

இவருக்கு ஒரே பகை, கடுதாசி. குறிப்பாக, அதில் போட வேண்டிய திகதி.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு தனியார் வைத்திய நிலையங்கள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவும் வேண்டும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கும் சட்டம் அதுதான், நமது மேல்மாடிப் பல் கிளினிக்குக்கும் அதுதான். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப் பேரவை என்ற பெயர் வருடத்தில் பதினொரு மாதம் இவர் நினைவில் இருப்பதில்லை. பன்னிரண்டாவது மாதம், கூடப் படித்த யாராவது வட்ஸ்அப்பில், "மச்சான், உன் பக்கம் பார்க்க வாறாங்களாம்" என்று ஒரு வரி போடுவார். அன்றிரவு கிளினிக்கில் பத்து மணிவரை லைட் எரியும்.

கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற அவசரம் அது. அத்தனை நாள் பாவித்த ஊசியெல்லாம் விழுந்துகொண்டிருந்த பால்மா டின் மாயமாகிவிடும். அந்த இடத்தில் புத்தம்புது மஞ்சள் பெட்டி. தீயணைக்கும் சிலிண்டரின் காலாவதித் திகதியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். எக்ஸ்-றே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது ஞாபகம் வந்து, அதைத் தேடி மூன்று லாச்சியைக் கவிழ்ப்பார். கன்னத்தருகே பிடிக்கிற சின்னக் குழாய்க்கு அணுசக்தி என்று பெயர் வைத்தது யார் என்று அப்போது ஒரு கோபமும் வரும்.

ஆனாலும் இவருடைய தனித்திறமையைக் காண வேண்டுமென்றால் ஓட்டோகிளேவ் கொப்பியைத்தான் பார்க்க வேண்டும். பல் பிடுங்கும் குறடுகளை நீராவியில் அவித்துக் கிருமி நீக்குகிற பாத்திரம் அது. 121 பாகையில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம். ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், சூடு, கையெழுத்து எழுதி வைக்க வேண்டும். இவருடைய சீ.ஆர். கொப்பியில் கடைசிப் பதிவு மார்ச் மாதம். மிச்சம் ஒன்பது மாதத்தையும் ஒரே இரவில் எழுதி முடிப்பார். புத்திசாலி அல்லவா, நீலம், கறுப்பு, பாதி மை தீர்ந்தது என்று மூன்று பேனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதுவார்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் உதவியாளர் அக்கா. கிளினிக் திறந்த நாளிலிருந்து இருப்பவர்.

"சேர், வெசாக் போயாவுக்கு நாம பூட்டித்தானே இருந்தோம்? அன்னைக்கும் ரெண்டு தடவ ஓடினதா போட்டிருக்கீங்க."

வெட்டுவார்.

"ரந்தோலி பெரஹெரா அன்னைக்கு ரோட்ட மூடிட்டாங்கன்னு நீங்களே வரல்லியே சேர்."

அதையும் வெட்டுவார். ஒரு புனிதப் பல்லுக்காக நகரமே வழிவிட்டு நின்ற இரவில் இவர் மட்டும் குறடு அவித்துக்கொண்டிருந்தார் என்றால் எந்த அதிகாரி நம்புவார்?

"எல்லாத்துலயும் 121, 121ன்னே இருக்கு சேர்."

கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று நாலைந்து இடத்தில் 118 என்று மாற்றுவார். 118 என்றால் கிருமி சாகவில்லை என்று தானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்பது விடிந்த பிறகுதான் உறைக்கும். இவருடைய இனத்திலேயே மூத்தவர் ஒருவரின் 2022ஆம் ஆண்டுக் கொப்பி இன்னும் பிரமாதம். அந்த மார்ச் கடைசியில் நாடே 13 மணிநேர மின்வெட்டில் கிடந்தபோது, அவருடைய ஓட்டோகிளேவ் மட்டும் காலை, பகல், மாலை மூன்று வேளையும் ஓடியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெஷின் உண்மையிலேயே ஓடியிருக்கிறது. கிளினிக் திறந்திருந்த ஒவ்வொரு நாளும் அக்கா அதை ஓட்டி, பவுச்சில் ஒட்டிய டேப்பின் கோடுகள் கறுத்தனவா என்று பார்த்து, சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரில் அந்தந்தத் திகதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டு, நேரமும் எழுதி வந்தார். கறன்ட் போன நாளுக்கு ஒரு பிழை அடையாளம். இலங்கையில் இதைவிட நேர்மையான பதிவேடு கிடைக்குமோ என்னவோ. சான்றிதழ் ஃப்ரேமுக்கு இடம் வேண்டுமென்று டொக்டர் முதல்நாள் இரவு கழற்றிக் குப்பையில் போட்டது அந்தக் கலண்டரைத்தான்.

மறுநாள் வருகிற அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பளபளக்கும் மஞ்சள் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதில் ஓர் ஊசிகூட இல்லையே, நேற்றுப் போட்டதெல்லாம் எங்கே?" என்பார்கள். டொக்டரின் விளக்கத்தைக் கேட்காமல் அக்காவிடம் திரும்புவார்கள். "பாவித்த ஊசி கையில குத்தினா என்ன செய்வீங்க?"

"ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டுக் கழுவணும். நசுக்கி ரத்தம் எடுக்கக் கூடாதுங்க. உடனே சொல்லி, ரத்தம் செக் பண்ணணும்." ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்ட அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். டொக்டரின் அட்டை? கெம்பஸ் காலத்தில் போட்டது, வீட்டில் எங்கோ இருக்கிறது.

திருத்த வேண்டியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் போவார்கள். திருத்திக்கொண்டால் பதிவும் கிடைத்துவிடும், ஏனென்றால் ஆள் கெட்டவரல்ல. விதிகள் நோயாளியின் வாய்க்காக அல்ல, அதிகாரியின் கண்ணுக்காக எழுதப்பட்டவை என்று நம்புகிறவர், அவ்வளவுதான். கொப்பியை அன்றன்றைக்கே அக்கா கையில் கொடுத்திருந்தால் இவருக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே, பல்வலியோடு படியேறும் கண்டி வாசகர்களே, உட்கார்ந்தவுடன் வாயைத் திறக்காதீர்கள். முதலில் கண்ணைத் திறந்து சுவரில் உள்ள பதிவுச் சான்றிதழ் இந்த வருடத்துடையதா என்று பாருங்கள். டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம். குறடு இருக்கும் பவுச்சை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார். கோபித்தால், பக்கத்துத் தெருவிலும் ஒரு பல் டொக்டர் இருக்கிறார்.