காது முந்திய காலம்

எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு முழுசாக வந்து சேர நெடுநாள் ஆகும். முதலில் ரேடியோவில் வரும். பிறகு கல்யாண வீட்டுப் பந்தல் மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வரும். படம் பக்கத்து ஊர் டூரிங் டாக்கீசுக்கு வந்து, வீட்டில் காசும் சம்மதமும் கிடைத்து, அந்தப் பாட்டுக்கு வாயசைத்தது யார் என்று கண்ணால் பார்க்க மாதங்கள் ஆகும். சில பாட்டுகளுக்கு வருஷங்கள். கேட்டதற்கும் பார்த்ததற்கும் நடுவே கிடந்த அந்தக் காலத்தில்தான் பாட்டு எங்களுடையதாக இருந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் எழுபதுகளில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதி வைக்க நினைக்கிறேன். அந்த இடைவெளி இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மூன்றும் அந்த உரிமையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஊர்கள். இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்துத்தான் தொழில் நடக்கும். இறாலுக்குச் சுத்துவலை கட்டுவது இரவில். கழிகளை ஊன்றி வலையைக் கட்டிவிட்டால் நீரோட்டம் தன் வேலையைச் செய்யும். மனிதன் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நைனா டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றிப் படகில் எடுத்து வருவார். பள்ளி விடுமுறையில் நானும் உடன் போவேன்.

முன்னிரவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கே.எஸ்.ராஜாவின் குரலும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலும் எங்கள் வீட்டு மனிதர்களின் குரல் மாதிரிப் பழகியிருந்தன. பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயரைச் சொல்வார்கள். பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று சொல்வார்கள். நடித்தவர் பெயர் அங்கே தேவைப்படவில்லை. அதனால் எங்களுக்குப் பாட்டு என்றால் பி.சுசீலா, எஸ்.ஜானகி, டி.எம்.சௌந்தரராஜன், பி.பி.ஸ்ரீனிவாஸ். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒரு குரலின் முதல் இழுப்பிலேயே அது யாருடையது என்று சொல்லிவிடுவார்.

படம் பார்க்காத பாட்டுக்கு மனசு தானே படம் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சாமான் ஊரிலேயே இருந்தது. 1963இல் வந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தின் தலைப்புப் பாட்டை பி.பி.ஸ்ரீனிவாசும் சுசீலாவும் பாடியிருப்பார்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. முற்பிறவிக் கதை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். அந்தப் பாட்டு எனக்கு நடந்த இடம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி நிற்கும் இடம் அது. உள்ளே புரியாத எழுத்து வெட்டிய பெரிய பெரிய கற்கள். அந்தக் கற்களுக்கு நடுவே வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி நடந்து போவாள். அவளுக்கு முகம் இருக்காது. சுசீலாவின் குரல் மட்டும் இருக்கும். பக்கத்துப் படகில் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கிழவருக்கு வேறு ஒருத்தி நடந்திருப்பாள். ஒரே ரேடியோவிலிருந்து எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை படம் ஓடியது.

இன்னொரு பாட்டு எங்களுக்கு இன்னும் நெருக்கம். ‘படகோட்டி’ 1964இல் வந்தது. பாட்டுகள் எல்லாம் வாலி எழுதியவை. மீனவனின் துயரத்தைச் சொல்லி டி.எம்.எஸ். பாடும் சோகப் பாட்டு ரேடியோவில் வந்தால் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். எனக்கு அந்தப் பாட்டில் தெரிந்தது என் தாய்மாமன். காசிமேட்டுக்கு விசைப்படகு வேலைக்குப் போய், எப்போதாவது ஊர் திரும்புகிறவர். கழி ஊன்றிப் படகு தள்ளும் அவருடைய முதுகும், வெயிலில் வெடித்த தோளும், நிமிராத தலையும்தான் எனக்கு அந்தப் பாட்டின் காட்சி. டி.எம்.எஸ். பாடப் பாட அவர் ஏரியைக் கடந்துகொண்டே இருப்பார்.

சில ஆண்டுகள் கழித்துப் படத்தையும் பார்த்தேன். மறுபடி ஓட்டிய பழைய பிரதி. வண்ணப் படம். எம்.ஜி.ஆர் படகில் வந்தார். திரையில் இருந்த நீர் எங்கள் நீர் இல்லை. கொட்டகை முழுக்க விசில் அடித்தது, நானும் அடித்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எம்.ஜி.ஆரே வந்தார். மாமாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இதை நைனாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தக் காலத்துல நம்ம தொழில எவன்டா படத்துல காட்டுனான்? அவருதான் படகுல ஏறி நின்னாரு. அந்தப் பாட்ட கேட்டா எனக்கு அவரு மூஞ்சிதான் வரணும்” என்றார். அவர் படத்தை வந்த புதிதில் பார்த்தவர். அவருக்குக் கண் முதலில், காது பிறகு. மீன் வாசம் என்று பஸ்ஸில் ஒதுங்கி உட்கார்ந்த உலகத்தில், தன்னைப் போன்ற ஒருவனை ஊரே கைதட்டிப் பார்த்தது அவருக்குக் கிடைத்த மரியாதை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சினிமாப் பாட்டு காட்சிக்காகப் பிறந்ததுதான் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே பாட்டு நைனாவுக்கு ஒன்றைக் கொடுத்தது, என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. எது முந்தியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் ஊர் அதைப் பார்க்கத் தொடங்கியது பிறகு, பஞ்சாயத்து டிவி வந்த பிறகு. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ என்றால் வாசல் மணலில் இடம் பிடிக்கச் சாயங்காலமே துண்டு விரித்து வைப்பார்கள். டாக்கீஸ் பக்கம் போக அனுமதி இல்லாத பெண்கள் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முகங்களை நான் மறக்கவில்லை. அத்தனை நாள் ஆண்கள் மட்டும் பார்த்துவந்து கதை சொன்னதை அவர்களே பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் குறை ஏதும் இல்லை.

ஆனால் ஒன்று மாறியது. பாட்டு முடிந்ததும் எழுந்த கேள்வி வேறு. யார் பாடினது என்று யாரும் கேட்கவில்லை. யார் நடிச்சது, எந்த ஊர்ல எடுத்தது, சேலை என்ன கலர் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். என் டச்சுக் கல்லறைப் பாட்டும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தேவிகாவும் கல்யாண்குமாரும் வந்தார்கள். படம் பிடித்ததில் குற்றம் இல்லை. ஸ்ரீதர் பெரிய இயக்குநர். ஆனால் முகமில்லாத என் பெண்ணுக்கு அன்று முகம் வந்துவிட்டது, கல்லறைக் கற்களுக்கு நடுவே அவள் மறுபடி நடக்கவே இல்லை.

1993இல் சன் டிவி வந்தது. 2004இல் சன் மியூசிக் நாள் முழுக்கப் பாட்டு போட்டது. காத்திருப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. 2011 நவம்பரில் ‘கொலைவெறி’ வந்தபோது படம் வருவதற்கு நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதமும் காதுக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. தனுஷும் அனிருத்தும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்கும் வீடியோவோடுதான் பாட்டே வந்தது. இப்போது லிரிக் வீடியோ, புரோமோ, மேக்கிங் வீடியோ என்று பாட்டு பிறக்கிற நிமிஷத்திலேயே கண்ணுக்கும் சேர்த்தே பரிமாறப்படுகிறது.

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கரையில் பைபர் போட்டின் நிழலில் பையன்கள் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ‘ரவுடி பேபி’ ஓடிக்கொண்டிருந்தது. யூடியூபில் நூறு கோடிப் பார்வையை 2020இலேயே தாண்டிய பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்ன தெரிகிறது என்று கேட்டேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தனுஷ், சாய் பல்லவி, அந்த ஸ்டெப். என் அக்கா மகன் எழுந்து ஆடியே காட்டினான். எந்த அசைவும் பிசகவில்லை. பாடிய பெண் யார் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீ என்று பெயர் சொன்னேன். பிரபுதேவா அமைத்த நடனம் அருமை, சாய் பல்லவி ஆடியதும் அருமை. பாடியவளின் பெயர் மட்டும் அந்தக் கரைக்கு வந்து சேரவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த அம்பாப் பாட்டு ஒன்றை, மெட்டை மட்டும், முணுமுணுத்துக் காட்டினேன். கரைவலை இழுக்கும்போது ஆள் மாற்றி ஆள் எடுத்துப் பாடுவது அது. ஒருவன் தன் தாத்தாவைச் சொன்னான். ஒருவன் சுனாமிக்கு முந்திய ஊர்க்கரையைச் சொன்னான். அவன் பிறந்தது சுனாமிக்குப் பிறகு. இன்னொருவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மகன், “மாமா, ராத்திரி பாட்டுல நெறைய பேரு இழுக்குற மாதிரி இருக்குது” என்றான். படம் பிடிக்கிற சக்தி பிள்ளைகளிடம் அப்படியே இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கண் முந்தினால் காது பின்வாங்கும் என்பது ஊர்க்காரனின் மனக்குறை மட்டும் இல்லை. 2013இல் சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். இசைப் போட்டிகளின் பதிவுகளைக் கொடுத்து யார் வென்றிருப்பார் என்று கேட்டார். ஒலியில்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்கள் தடுமாறினார்கள். இசை தெரிந்த தொழில்முறைக் கலைஞர்களும் இதில் தப்பவில்லை. இசையைத் தீர்ப்புச் சொல்லும் இடத்திலேயே கண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் என்றால், ரசித்துக் கேட்கிற நம்மிடம் அது எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

காட்சி எப்போதும் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அதே தீ, பாடகர் அறிவோடு சேர்ந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. அதில் அறிவின் பாட்டியே வந்து உட்கார்ந்திருப்பார். நிலம் இல்லாதவர்களின் உழைப்பைச் சொல்லும் பாட்டுக்கு அந்தக் கிழவியின் முகம் சாட்சி. அங்கே காட்சி பாட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாடியவர்களையும், யாரைப் பற்றிப் பாடினார்களோ அவர்களையும் நம் முன் நிறுத்தியது. மணிரத்னத்தின் ‘கடல்’ மீனவ ஊர்க் கதை. அதன் ‘நெஞ்சுக்குள்ளே’ பாட்டை 2012 இறுதியில், படத்துக்கு முன்பே, எம்டிவி மேடையில் சக்திஶ்ரீ கோபாலன் பாடினார். ஒரு பெண் மைக் முன்னால் பாடுகிறாள் என்பதைத் தவிர அதில் காட்சி இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டு அவருடைய பாட்டுதான்.

படத்தில் இடம்பெறாமலே போன பாட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். 1991இல் வந்த ‘தளபதி’க்காக யேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ’ படத்தில் வரவில்லை. ஒலிநாடாவில் மட்டுமே வாழ்ந்தது. முப்பது ஆண்டு கடந்தும் அதைத் தேடிக் கேட்கிறார்கள். எந்த நாயகன் முகமும் அதில் ஒட்டவில்லை. கேட்கிறவர் தன் வாழ்க்கையிலிருந்து யாரை வேண்டுமானாலும் அதற்குள் அழைத்து வரலாம். அப்படி ஒரு பாட்டு உங்களிடமும் இருந்தால் நான் சொல்வது முழுசாகப் புரியும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். பாட்டை வெளியிடும் கம்பெனிகள் ஒரு வாரமாவது குரலை மட்டும் வெளியிடட்டும். பாடியவர், எழுதியவர், இசைத்தவர் பெயரை நடிகரின் பெயருக்கு முன்னால் போடட்டும். எங்கள் குப்பங்களில் அம்பா தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என்ஜின் சத்தத்தில் அந்தப் பாட்டுகள் அமிழ்ந்துபோகும் முன்னால் பிள்ளைகள் அவற்றைப் பதிவு செய்யட்டும், கேமராவை விட்டுவிட்டுக் குரலை மட்டும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த புதுப் பாட்டு வரும் நாளில் போனைக் கவிழ்த்து வையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலில் கேளுங்கள், என்ன தெரிந்தது என்று அதனிடம் விசாரியுங்கள். வீடியோவை அதற்கு அப்புறம் சேர்ந்து பாருங்கள்.