ஸ்டீயரிங் ஆடுகிறதா? ஆடட்டும்!

பதினைந்து வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. ஸ்டீயரிங் ஆடுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. அவ்வளவு தூரம் திருப்பியும் முன் சக்கரத்துக்குத் தகவல் போய்ச் சேராவிட்டால் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. எதிரே வரும் தண்ணி லாரிக்கு இருக்கலாம்.

அளப்பது சுலபம். சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரே விரலால் இடது பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். டயர் அசைந்ததும் வெளியே குனிந்து பார்ப்பவர் ‘ம்’ என்பார். அங்கிருந்து வலது பக்கம், அடுத்த ‘ம்’ வரை. இடையில் டேப் நகர்ந்த தூரம்தான் ஆட்டம். மாருதி 800 போன்ற சின்ன கார் ஆரோக்கியமாக இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சட்டம் தரும் 30 டிகிரியோ, 36 செ.மீ. விட்டமுள்ள வீலில் ஒன்பது செ.மீ.யைத் தாண்டும். சட்டம் மெக்கானிக்கை விடப் பெருந்தன்மையானது.

அளந்தாயிற்று, இனி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்பத்தூரில் இதற்கு நீங்கள் சிரமப்படவே வேண்டாம். போனட்டைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றால் போதும். 1964-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஒரு பக்கம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் என்று காரின் பாதி உடம்பு இன்னொரு பக்கம். தெருவுக்கு நாலு பேராவது இந்த லைனில் ரிடையர் ஆனவர்கள். குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தவர் ‘காஸ்டர் ஆங்கிள் போயிருக்கும்’ என்பார். லேத்தில் இருந்தவர், ‘ஒரு புஷ் கடைஞ்சு போட்டா முடிஞ்சுது’ என்பார். ஆவடி டாங்கு ஃபாக்டரியான எச்.வி.எஃப்.பில் இருந்த பெரியவர் இருவரையும் ஒதுக்கிவிட்டு, “விஜயந்தா டாங்குல ஸ்டீயரிங் வீலே கிடையாது தம்பி, ரெண்டு லீவர்தான்” என்று ஆரம்பிப்பார். டீ சொல்லிவிடுங்கள், நேரமாகும்.

அவர்கள் போனபின் ரோடு டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்டேட்டில் காலியான ரோடாகப் பாருங்கள். கை ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கார் மெல்ல இடது பக்கம் ஒதுங்கினால் பதற வேண்டாம். மழைத்தண்ணீர் வடிய ரோட்டையே ஓரம் சரிவாகப் போட்டிருப்பார்கள், எந்தக் காரும் கொஞ்சம் ஒதுங்கும். வெடுக்கென்று இழுத்தால்தான் விஷயம். முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். பிரேக் அடித்தால் மட்டும் இழுக்கிறது என்றால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு பிரேக் காலிப்பரைக் கவனியுங்கள். அறுபது எழுபதில் கை கிடுகிடுவென்று உதறினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ்தான். திருப்பக் கல்லாகக் கனத்தால் டயரில் காற்று குறைவு. காற்றை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் சிக்கல் தீர்ந்துவிட்டால் மீதிக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ஆட்டத்துக்கான உண்மையான பரிசோதனை காருக்கு அடியில். மனைவியின் தம்பியை ஸ்டீயரிங்கில் உட்கார வையுங்கள். நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள். இது ஒன்று மட்டும் கிண்டல் இல்லை. முன் சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பு ரப்பர் தொப்பி போட்ட ஒரு மூட்டு தெரியும். அதுதான் டை ராடு எண்டு. கட்டை விரலை மூட்டின் மேல் வைத்துக்கொண்டு குரல் கொடுங்கள்.

“லேசா ஆட்டுப்பா.”

“ஆட்டணுமா மாமா, திருப்பணுமா?”

“ஆட்டு. ரெண்டு விரக்கடை.”

“எந்தப் பக்கம்?”

நல்ல மூட்டில் ராடும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ராடு முன்னால் போய்விடும், நக்கிள் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். காதுக்குக் கேட்காத அந்த ‘டக்’ கட்டை விரலுக்குத் தெரியும். தொப்பி கிழிந்திருந்தால் காரணமும் கையிலேயே ஒட்டிக்கொள்ளும்: கிரீஸும் மணலும் கலந்த கறுப்புக் கூழ். ஐப்பசி கார்த்திகையில் சி.டி.எச். ரோட்டுத் தண்ணீரில் காரை இறக்கியவர்களுக்கு இது நிச்சயப் பரிசு. சரியாக இந்த நேரத்தில் தலைக்கு மேல் ஹாரன் அலறும். மச்சானின் முழங்கை பட்டுவிட்டதாம்.

நோய் தெரிந்துவிட்டது. இப்போது மெக்கானிக்கிடம் போய், தெரியாதது போல நில்லுங்கள். அவர் ஸ்டீயரிங்கை ஒரே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, “ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு சார். அசெம்ப்ளியாவே மாத்திடலாம், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்” என்பார். காற்று, டை ராடு எண்டு, ஸ்டீயரிங் காலம் ஜாயிண்ட் போல்ட், ரேக் புஷ், கடைசியில்தான் ரேக் என்று மலிவிலிருந்து மேலே ஏறுவது அறிவு. உச்சியில் ஆரம்பித்து இறங்கி வருவது மரபு. இந்த வயதுக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதைக் கட்டிய கை, ரேக்குக்கும் தாராளமாக நீளும் என்று அவருக்குத் தெரியும்.

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெரிய உடம்புக்குள் இருப்பதும் மாருதியைப் போல ரேக்-பினியன்தான். பிரீமியர் பத்மினியில்தான் வார்ம் கியர் வைத்த ஸ்டீயரிங் பாக்ஸ். அதன் மேல் ஒரு ஸ்க்ரூ உண்டு. முறுக்கினால் ஆட்டம் குறையும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பத்மினிக்காரர்கள் வேறு எதையும் தேடவில்லை. அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டீயரிங் இறுகி, திருப்பிய பிறகு தானாகத் திரும்பி வராது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியவர் ஓ.டி.யையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாகம் வாங்க ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையிலும் கிடைக்கும். ஆனால் இன்னொரு காரில் தேய்ந்ததைக் காசு கொடுத்து வாங்கி வந்து தேய்ப்பானேன்? பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றில் ஏற்றினால், அலைன்மெண்ட் கடை வரை கார் நண்டு போலப் போகாது. நட்டை முறுக்கியதும் ஸ்பிளிட் பின்னைப் போட்டு இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். மொத்த வேலையிலும் ஆக மலிவான சாமான் அதுதான். ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று மெக்கானிக் பையன் சட்டைப் பைக்குள் போடுவதும் அதைத்தான்.

கடைசியாக அலைன்மெண்ட். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள். உள்ளே போகும்போது வழவழப்பு, வெளியே வரும்போது தோலைப் பிடித்து இழுக்கிறது, அல்லது இதற்கு நேர்மாறு என்றால் டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கும் கோணம், தவறிப் பல நாளாகிவிட்டது. கடையில் நாலு சக்கரத்திலும் தகடு மாட்டி, கம்ப்யூட்டரில் சிவப்பெல்லாம் பச்சையாகும் வரை திருகுவார்கள். அதற்கு முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டி, இரண்டு பக்க ராடையும் சமமாகத் திருக வேண்டும். கூட்டம் அதிகமானால் ஒரு பக்கத்தை மட்டும் திருகியே கணக்கைச் சரிக்கட்டிவிடுவார்கள். திரையில் பச்சைதான். ரோட்டில் இறங்கினால் கார் நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் மணி ஒன்று காட்டும். திரும்பிப் போய்க் கேளுங்கள்.

“வண்டி நேராப் போகுதுல்ல சார்?”

“போகுது.”

“அப்ப அதை ஏன் சார் பாக்குறீங்க? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”