அசலும் வட்டியும்: அளவுக்கு மீறிப் புகழப்பட்ட திரைப்படங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஊரே கொண்டாடும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒருவன் மட்டும் ‘அப்படி ஒண்ணும் இல்லையே’ என்று முணுமுணுத்தபடி வெளியே வருகிறான். இது ஏன் நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். குறையைப் படத்தில் தேடியவர்கள் உண்டு. அவன் மூளையில் தேடியவர்கள் அதைவிட அதிகம். இரண்டுக்கும் நடுவில் நின்று வட்டி போட்டவர்களை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. இக்கட்டுரை அவர்களை விசாரிக்கிறது. இவ்வாய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி வழங்கவில்லை. டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் மூன்றும் ஆய்வாளரின் கைக்காசு.

1. ஆய்வுச் சிக்கல்

படம் பிடித்திருக்கிறது என்பவரிடம் இந்நாட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்பவரோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். முழுசாகப் பார்த்தாயா, தியேட்டரிலா போனிலா, மூல மொழியிலா டப்பிங்கிலா, அந்த டைரக்டரின் முந்தைய படங்கள் தெரியுமா, பார்த்த அன்று வீட்டில் ஏதும் சண்டையா என்று குறுக்கு விசாரணை நடக்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, ‘உனக்கு ரசனை பத்தாது’ என்று தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இப்பேச்சு எழுந்தால் சித்தப்பா ஒருவர் எழுந்து, ‘இவனுக்கு எதுதான் பிடிச்சுது? சின்ன வயசுல கத்திரிக்காயே பிடிக்காது’ என்று குணச்சான்றும் வழங்குவார்.

பிடித்ததற்கு ஒரு சட்டம், பிடிக்காததற்கு ஒரு சட்டம் என்ற இந்த நிலை எப்படி வந்தது?

2. கருதுகோள்

ஒவ்வொரு படத்துக்கும் அசல் என்று ஒன்று உண்டு. கதை, நடிப்பு, ஒளி, ஒலி, வெட்டு, ஒட்டு எல்லாம் சேர்ந்தது அது. படம் வெளியான நாளோடு அசல் முடிந்துவிடுகிறது. பிறகு அதில் ஒரு பிரேம்கூடக் கூடுவதில்லை. மற்றவர்கள் சொல்லும் புகழுரை வட்டி. அது நாள்தோறும் ஏறும், ஞாயிற்றுக்கிழமையும் ஏறும். பார்வையாளன் இவ்விரண்டையும் எதிர்பார்ப்பு என்னும் நாணயத்தில் கட்டுகிறான். முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவனுக்கு அசல் மட்டும். மூன்றாம் வாரம் போனவனுக்கு வட்டியும் சேரும். பத்து வருஷம் கழித்து ஓடிடியில் பார்ப்பவன் கட்டுவது கந்துவட்டி.

ஆகவே ஒரு படத்தின் மிகைப்புகழ் என்பது, கேள்விப்பட்டதிலிருந்து கண்டதைக் கழித்தால் மிஞ்சுவது என்க. நல்ல படத்துக்கும் இது உண்டு, சுமாரான படத்துக்கும் உண்டு. நல்ல படத்துக்குத்தான் கடன் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் அங்கே மிச்சமும் அதிகம்.

3. வட்டியின் வகைகள்

வட்டி நால்வகைப்படும்: பட்டியல் வட்டி, விருது வட்டி, குற்றவுணர்வு வட்டி, நினைவு வட்டி.

பட்டியல் வட்டிக்குச் சிறந்த சான்று ஆர்சன் வெல்ஸ் தம் 25ஆம் வயதில் எடுத்து முடித்த ‘சிட்டிசன் கேன்’. 1941இல் வெளியான படம். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்துப் பட்டியல் போடுகிறது. 1952இல் போட்ட முதல் பட்டியலின் முதல் பத்தில் இப்படத்துக்கு இடமில்லை. 1962இல் முதலிடம். அதன்பின் 2002 வரை அந்த நாற்காலியை விட்டு அது எழுந்திருக்கவேயில்லை. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதை எழுப்பியது. 2022இல் ஷான்டால் அக்கர்மன் 1975இல் எடுத்த ‘ஷான் டீல்மன்’ முதலிடம் பிடித்தது. பிரஸ்ஸல்ஸ் நகரப் பெண்மணி ஒருவர் உருளைக்கிழங்கு உரிப்பதையும் இறைச்சியில் மாவு புரட்டுவதையும் மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேலே நிதானமாகக் காட்டும் படம் அது. நம் வீடுகளில் இக்காட்சி தினமும் கட்டணமின்றி நடைபெறுகிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. இந்த எழுபது ஆண்டில் ‘சிட்டிசன் கேன்’ ஓர் அங்குலம் நீளவுமில்லை, குறையவுமில்லை. ஏறி இறங்கியது வட்டி விகிதம்.

அப்படத்தின் ஒளிப்பதிவில் குறை சொல்ல இவ்வாய்வாளர் துணியார். கிரெக் டோலண்ட் முன்னால் இருப்பவரையும் பின்னால் ஜன்னலுக்கு வெளியே விளையாடும் சிறுவனையும் ஒரே தெளிவில் காட்டியது இன்றும் மலைப்புத்தான். ஆனால் கதை முழுவதும், சாகும்போது கேன் சொன்ன ஒரு சொல்லைத் தேடி நிருபர் ஒருவர் அலைவதாக அமைந்திருக்கிறது. அச்சொல் உதிரும்போது அறையில் ஒருவரும் கண்ணில் படவில்லை. நர்ஸ் அதன் பிறகுதான் கதவைத் திறக்கிறார். செத்தவர் சொன்னது யார் காதில் விழுந்தது? கடைசியில் வேலைக்காரர் ஒருவர் தமக்குக் கேட்டதாகச் சொல்கிறார். நம் ஊர்ப் படம் ஒன்றில் இப்படி நடந்திருந்தால் லாஜிக் ஓட்டை என்று யூடியூபில் கிழித்திருப்பார்கள். பட்டியலில் வந்த படம் என்பதால் அது உத்தி ஆயிற்று.

விருது வட்டி இரண்டாவது. 1997இன் ‘டைட்டானிக்’ 14 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு 11 ஆஸ்கர்களை அள்ளியது. அந்தப் பதினான்கில் திரைக்கதை இல்லை என்பதை ஆய்வுலகம் இன்னும் உரியவாறு கவனிக்கவில்லை. கதை எழுதியதற்குப் பரிந்துரைகூடப் பெறாத படத்தை, கதை உருக்குகிறது என்று சொல்லித்தான் உலகம் மூக்கைச் சிந்தியது. கப்பல் மூழ்கும் காட்சி அபாரம். அதற்கு முந்தைய பகுதியில் பணக்கார மாப்பிள்ளை கெட்டவன், ஏழைப் பையன் நல்லவன் என்ற அளவில்தான் கதை நிற்கிறது. அதை நாம் கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே பார்த்தாயிற்று. கப்பல் மூழ்கியபின் நாயகி மட்டும் ஏறி மிதந்த அந்த மரப்பலகையில் இரண்டு பேருக்கு இடமிருந்ததா என்ற வினா, படம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு டைரக்டர் ஜேம்ஸ் கேமரூனே ஆட்களைக் குளிர்நீரில் இறக்கிச் சோதித்துக் காட்டும் அளவுக்கு முற்றியது. அசலில் இருந்த ஓட்டைக்கு 2023 வரை வட்டி கட்டிய ஒரே டைரக்டர் அவராகத்தான் இருப்பார்.

மூன்றாவதான குற்றவுணர்வு வட்டி, நால்வகையிலும் கொடியது. ஒரு படம் ஓடவில்லை. ஓடவைக்கத் தவறியவர்கள் பின்னாளில் வருந்தி, அபராதத்தோடு சேர்த்துப் புகழ்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு எடுத்துக்காட்டு ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’. 1994இல் தியேட்டரில் கூட்டமில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிட்டவில்லை. பிறகு வீடியோவிலும் டிவியிலும் பார்த்தவர்கள் சேர்ந்து அதை ஐஎம்டிபி தரவரிசையின் உச்சியில் பல்லாண்டு குடியேற்றிவிட்டார்கள். நல்ல படம்தான். ஆனால் கண் எதைப் பார்க்கிறதோ அதையே கதைசொல்லும் கைதி ரெட்டின் குரல் இன்னொரு முறை காதில் சொல்கிறது. சிறைச் சுவரில் போஸ்டருக்குப் பின்னால் தோண்டிய சுரங்கம் வழியாகத் தப்பியவர், அந்தப் போஸ்டரை வெளிப்பக்கமிருந்து யாரைக்கொண்டு ஒட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். ‘மேல் ஓரம் மட்டும் ஒட்டியிருந்தது’ என்பார்கள், கூட இருந்து ஒட்டியவர்கள்போல.

தமிழில் இதன் இணை ‘அன்பே சிவம்’. சுந்தர்.சி இயக்கம், கமல்ஹாசன் கதை, மதன் வசனம், வித்யாசாகர் இசை. 2003 பொங்கலுக்கு வந்தது. அந்தப் பொங்கலுக்குத் தமிழ்நாடு ‘தூள்’ பார்க்கப் போய்விட்டது. இன்று ‘அன்பே சிவத்தை அப்பவே தியேட்டர்ல பார்த்தேன்’ என்று சொல்பவர்கள் அத்தனை பேரும் உண்மையில் அப்போதே போயிருந்தால், அது வெள்ளிவிழா கண்டிருக்கும். தோல்விப்படம் என்ற பெயரே வந்திருக்காது. ஆகவே இன்று இவ்வளவு புகழும் கிடைத்திருக்காது. இம்முரண் மேலாய்வுக்கு உரியது. புவனேஸ்வரத்து மழையில் இரண்டு பேர் மாட்டிக்கொள்ளும் முதல் பகுதியில் கமலும் மாதவனும் ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் இடங்கள் தங்கம். ஆனால் ஒவ்வொரு நல்ல நகைச்சுவைக்கும் பின்னாலேயே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் உபதேசம் ஏறிவிடுகிறது. சிரித்த வாயை மூடுவதற்குள் கைகட்டி நிற்கச் சொன்னால் பார்வையாளன் என்ன செய்வான்?

நான்காவது நினைவு வட்டி. 2018இல் வந்த ‘96’ இதற்கு உரியது. தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்த ராமும் ஜானுவும் பல்லாண்டுக்குப் பின் சென்னையில் ஓரிரவைக் கழிக்கிறார்கள். ஜானுவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ராமுக்கோ, தொட்டால் மயங்கி விழும் சுபாவம். விடிந்தால் சிங்கப்பூர் விமானம். இரண்டாம் பாதியில் நடக்கக்கூடியது எதுவும் நடக்காது என்று இடைவேளைக் காபியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அரங்கம் தேம்பியது. உற்று நோக்கியதில், அழுதவர்கள் ராமுக்காக அழவில்லை; தத்தம் பத்தாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒருவருக்காக அழுதார்கள். அந்தப் பெயரை வீட்டில் சொல்ல முடியாது. படத்தின் பெயரைச் சொல்லலாம். ஜானு உடுத்திய மஞ்சள் குர்தா துணிக்கடைகளில் பிரபலமானதும் இக்கணக்கிலேயே சேரும். இங்கே வட்டியைப் போட்டவரும் கட்டியவரும் ஒருவரே என்பதால், இவ்வகையை இவ்வாய்வு கருணையோடு அணுகுகிறது.

4. களத்தரவுகள்

வட்டி பிறக்கும் இடம் தியேட்டர் வாசல். படம் முடிந்து வெளியே வரும் இரண்டு நண்பர்கள் பைக்கை எடுக்கும் வரை பேசுவதில்லை. மற்றவன் முதலில் சொல்லட்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருக்கிறான். மௌனம் தாங்காமல் ஒருவன் ‘மேக்கிங் நல்லாருக்குல்ல?’ என்கிறான். மற்றவன் ‘செம’ என்கிறான். அந்த நொடியில் கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மறுநாள் அலுவலகத்தில் பின்வாங்க முடியாது. அங்கே அவர்கள் கூறும் உரைகளும், இவ்வாய்வு கண்ட உட்கிடையும் வருமாறு:

‘கேமரா ஒர்க் பிரமாதம்’: கதை புரியவில்லை.

‘கொஞ்சம் பொறுமையா பார்க்கணும்’: இடைவேளை வரை தூங்கினார்.

‘செகண்ட் ஹாஃப் லேசா லேக்’: பிடிக்கவேயில்லை, ஆனால் எதிரில் நிற்பவர் அந்த நடிகரின் ரசிகர்.

‘இது எல்லாருக்குமான படம் இல்ல’: எனக்குமான படம் இல்லை; அது உனக்குத் தெரிய வேண்டாம்.

‘ஒரு தடவை பார்க்கலாம்’: இதற்கு உட்கிடை ஏதுமில்லை. சொன்னதே பொருள். தமிழ்த் திரை விமர்சனத்தில் மிஞ்சியிருக்கும் நேர்மை இதுவொன்றே.

5. தடையும் விடையும்

‘இன்னொரு முறை பார்த்தால் பிடிக்கும்’ என்பாரும் உளர். அற்றன்று, பிடிக்காத சம்பந்தத்தை இன்னொரு முறை பெண் பார்க்கச் சொல்வது வழக்கில் இல்லை.

‘பெரிய திரையில் பார்க்க வேண்டிய படம்’ எனின், பெரிய திரையில் போரும் பெரிதாகவே தெரியும் என்க.

‘அக்காலத்தில் அது புதுமை, பின்னால் வந்தவர்கள் நகலெடுத்ததால் பழசாகத் தெரிகிறது’ என்பது வலுவான தடை. இதை ஏற்கிறோம். ‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு வந்தபோது பி.சி.ஸ்ரீராமின் நிழலும் தோட்டா தரணி எழுப்பிய தாராவியும் கண்ணுக்குப் புதிது; இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது, கமலுக்கும் கிடைத்தது. 2005இல் ‘டைம்’ இதழின் நூறு படங்களில் அதுவும் ஒன்றாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்த மழையும் அந்தக் குடையும் அந்தத் தழுதழுத்த குரலும் எத்தனையோ படங்களுக்கு வாடகைக்குப் போய்விட்டன. இன்றைய பையன் மிமிக்ரி நிகழ்ச்சிகளில் அப்படத்தின் நாயகன் வேலு நாயக்கரை வயிறு வலிக்கப் பார்த்து முடித்த பிறகே படத்தைப் பார்க்கிறான். நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்டு, தாத்தா விடை தெரியாமல் நிற்கும் இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அது அவன் குற்றமன்று, படத்தின் குற்றமுமன்று. அசலை அடுத்தவர் தின்றுவிட்ட இத்தகைய படங்களுக்கு வட்டி முழுவதும் தள்ளுபடி.

‘நீ ஒரு படம் எடுத்துப் பார்’ என்பது இறுதித் தடை. இட்லி கல்லாக இருக்கிறது என்று சொன்னால் மாவாட்டச் சொல்வது எந்த ஓட்டலிலும் இல்லாத மரபு. எனவே விடை கூறத் தேவையின்று.

6. பரிந்துரைகள்

அ. படம் வெளியாகிப் பத்தாண்டு நிறையும் வரை ‘மாஸ்டர்பீஸ்’ என்று சொல்வதைத் தடை செய்யலாம். முன்ஜாமீனும் கூடாது.

ஆ. ஏற்கெனவே பார்த்தவர், புதிதாகப் பார்ப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பதும், ‘இப்ப பாரு, இப்ப பாரு’ என்று தொடையில் தட்டுவதும் வன்கொடுமை. மீறுவோர் அன்றைய இரவுச் சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும்.

இ. ஒருவரிடம் ஒரு படத்தை ஒரே ஒரு முறை சிபாரிசு செய்யலாம். ‘இன்னும் பார்க்கலையா!’ என்ற வியப்பு தனி வட்டியாகக் கணக்கிடப்படும்.

ஈ. பிடிக்கவில்லை என்பவரிடம் கேட்கும் கேள்விகள் அனைத்தையும் பிடித்தவரிடமும் கேட்க வேண்டும்.

7. முடிவு

சிட்டிசன் கேனும் டைட்டானிக்கும் அன்பே சிவமும் மோசமான படங்கள் என்பது இவ்வாய்வின் முடிவன்று. அவை தத்தம் அசலுக்குத் தகுந்த படங்கள். அவற்றின் மேல் ஏறியிருக்கும் வட்டியை அடுத்து வருபவன் தலையில் கட்டுவதுதான் அநியாயம். கொண்டாடுகிறவர்கள் தாராளமாகக் கொண்டாடட்டும். வசூலுக்கு மட்டும் வரவேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் மெச்சும் படம் பிடிக்கவில்லை என்று அடுத்தமுறை யாராவது சொன்னால், ‘ஏன்?’ என்று அதட்டாதீர்கள். ‘எந்த இடத்தில்?’ என்று கேளுங்கள். அவர் ஓர் இடத்தைச் சட்டென்று சொல்லிவிடுவார். அதே கேள்வியைப் பிடித்தவரிடம் கேட்டால்தான் பெரும்பாலும், ‘மொத்தமாவே நல்லாருந்துச்சுப்பா’ என்று பதில் வரும்.