கற்படி ஊரிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: எங்கள் கம்பெனிக்கு 'மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி' என்ற இணையப் பயிற்சியைச் செய்து கொடுத்த குழுவினர். (பெயர் போடவில்லை, வாசித்தால் உங்களுக்கே தெரியும்.)

அனுப்புநர்: கணக்குப் பிரிவு ஊழியன், இரண்டு கண்ணும் தெரியாதவன், தங்கா பத்து, மலாக்கா.



எங்கள் ஊர்ப் பெயருக்கு மலாயில் கற்படி என்று பொருள். சக்கர நாற்காலியில் வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும் பெயர். அப்படிப்பட்ட ஊருக்குச் சரிவுப்பாதை பற்றிப் பாடம் நடத்தத் தோன்றியதே, அதற்கு முதல் கும்பிடு.

பயிற்சியைத் திறந்தேன். என் கணினியில் இருப்பது என்விடிஏ, திரையைக் குரலில் வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள். பார்வையில்லாத ஓர் ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்லும் பிள்ளை. உங்கள் முதல் பக்கத்தை இப்படிச் சொன்னது: "படம். படம். பொத்தான். பொத்தான். ஐஎம்ஜி 0047." யார் இந்த 0047 என்று பக்கத்து மேசைத் தங்கச்சியைக் கேட்டேன். "சக்கர நாற்காலியில ஒரு வெள்ளைக்காரர் சிரிக்கிறாரு அண்ணே" என்றாள். சிரிக்கட்டும், அவருக்கென்ன, தேர்வா எழுதப்போகிறார்?

இரண்டாம் பாகம் காணொளி. பேச்சில்லை, எழுத்து மட்டும் வந்து வந்து போனதாம். நான் உட்கார்ந்து புல்லாங்குழல் கேட்டேன். மூன்றாம் பாகம் முழுக்கப் பேச்சு, வசனவரி கிடையாது. ஸ்டோரில் வேலை செய்யும் காது கேளாத தம்பி அதை உட்கார்ந்து பார்த்தான். ஆக, அவனுக்கு இரண்டாம் பாகம், எனக்கு மூன்றாம் பாகம். பாகப்பிரிவினையில் நீங்கள் குறை வைக்கவில்லை.

பிறகு தேர்வு. 'பார்வையற்றவரை மௌஸால் இழுத்து, அவருக்குரிய வசதியின்மேல் விடவும். நேரம்: 90 விநாடி.' தங்கச்சி வாசித்துச் சொன்னாள். இழுக்க வேண்டியவனும் நான், இழுபட வேண்டியவனும் நான். இரண்டு பேருமே அசையவில்லை. நேரம் முடிந்து முடிவு வந்தது: 'மாற்றுத்திறனாளிகளைப் பற்றி உங்களுக்குப் போதிய புரிதல் இல்லை. மீண்டும் முயலவும்.' அந்த ஒரு வரியை மட்டும் படமாக்காமல் எழுத்தாகவே போட்டிருந்தீர்கள். என்விடிஏ கணீரென்று வாசித்தது, ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

மூன்றாம் பாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மலேசியச் சட்டத்தை, 2008-ஆம் ஆண்டின் 685-ஆவது சட்டத்தை, புகழ்ந்தீர்கள். நானும் புகழ்கிறேன். கட்டடம், பேருந்து, வேலை, தகவல் எல்லாவற்றிலும் எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. கொடுக்காவிட்டால் என்ன தண்டனை என்பதை மட்டும் சொல்வதில்லை. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இதைப் பிரம்பில்லாத கங்காணி என்றிருப்பார்கள். அதே 2008-இல்தான் உலக அளவில் வலைப்பக்க அணுகல் விதிகளின் 2.0 பதிப்பும் வந்தது. படத்துக்கு எழுத்தில் விளக்கம், காணொளிக்கு வசனவரி, விசைப்பலகையை மட்டும் வைத்தே எல்லா வேலையும் நடக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. 2023-இல் வந்த 2.2 பதிப்பு, இழுக்காமலே செய்ய மாற்று வழி வேண்டும் என்றும் சேர்த்தது. இந்த விதிகளை நீங்களும் பாடத்தில் அட்டவணையாகப் போட்டிருக்கிறீர்களாம். படமாக.

கோபமில்லை. எங்கள் கம்பெனி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு எச்ஆர்டி லெவி, அதாவது ஊழியர் பயிற்சிக்கான கட்டாய நிதி, கட்டுகிறது. பயிற்சி நடத்தினால் அந்தப் பணத்தில் இருந்து செலவைக் கேட்டு வாங்கலாம். மேனேஜருக்கு வேண்டியது வருகைப் பட்டியலும் சான்றிதழும். இரண்டையும் நேரத்துக்குக் கொடுத்தீர்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த பயிற்சியை அனுப்பும் முன் மௌஸைப் பிடுங்கிவிட்டு, திரையையும் அணைத்துவிட்டு, டேப் விசையைத் தட்டித் தட்டியே தேர்வுவரை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் மணிக்கணக்கில் கூலி உண்டு.

இப்படிக்கு,
புரிதல் போதாதவன்

பி.கு.: மறுநாள் தங்கச்சி என் பெயரில் தேர்வு எழுதி 100 மதிப்பெண் வாங்கிவிட்டாள். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்களாம். தடவிப் பார்த்தேன். கண்ணாடி வழவழவென்று நன்றாக இருக்கிறது.