லாமா அண்ணன்

வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸிலிருந்து ஒரு மூட்டை தானாக இறங்கி நடந்து வந்தால் பயப்பட வேண்டாம். அதற்கடியில் ஓர் ஆள் இருப்பார். அவர்தான் லாமா அண்ணன். சொந்தப் பெயர் எதற்கு? நானுஓயாப் பக்கம் எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் இந்த ரகத்தில் ஒருவராவது அகப்படுவார். பிறந்தது லயத்தில். படித்தது தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு ஹட்டன். வேலை கொழும்பில், ஏசி போட்ட கந்தோரில். ஐந்து நாள் காசு வாங்கிக்கொண்டு குளிரில் இருப்பார். மிச்சம் இரண்டு நாள் காசு செலவழித்துக் குளிரில் இருப்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். முழங்காலில் சிப் வைத்த காற்சட்டை. சிப்பைக் கழற்றினால் அரைக்காற்சட்டை. கழற்றிய கீழ்ப்பாதி எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை பூராவும் தேடுவார். நெற்றியில் ஒரு விளக்கு. லயத்துக்குக் கரண்ட் வந்து எத்தனையோ வருசமாகியும் இஸ்தோப்பில் சப்பாத்தைத் தேட அந்த விளக்குத்தான் வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியில் அறுத்து வைத்திருப்பார், பாரம் குறையுமாம். அதே பைக்குள் மூன்று கிலோவில் ஒரு கமெரா இருக்கும்.

சின்ன வயதில் வாய் வைத்துக் குடித்த பீலித் தண்ணீரை இப்போது ஒரு குழாய் வைத்து வடிகட்டித்தான் குடிக்கிறார். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்ட அம்மா அன்றைக்குத் தண்ணீரே குடிக்கவில்லை.

லாமா என்ற பட்டம் வந்தது அவருடைய வாயால்தான். அமெரிக்காவில் சனி, ஞாயிறுகளில் ஆட்கள் கூடி, லாமா என்ற பிராணியின் முதுகில் பொதி கட்டவும், அதைக் கூட்டிப்போய்க் காட்டில் முகாம் அடிக்கவும் பழகுகிறார்கள் என்று போனில் பார்த்திருக்கிறார். அந்த வேகத்தில் இஸ்தோப்பில் நின்று, "அப்பாயி, நம்ம தோட்டத்துக்கும் லாமா கொண்டாந்து சுமை தூக்க வைக்கப் போறேன்" என்று அறிவித்தார்.

அப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்களத்தில் லமா என்றால் பிள்ளைகள். "ஏன்டா, படிக்கிற பிள்ளைகளுக்கு மூட்டையைக் கட்டிவிடுவியா? பொலிசுல புடிச்சுக் குடுத்துருவாங்கடா!" என்றாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கோ தலாய் லாமா வருகிறார் என்று விளங்கியது. அப்படியானால் தோட்டத்து ரோட்டை இப்போதாவது செப்பனிடுவார்கள் என்று அவர் சந்தோசப்பட்டார்.

அண்ணன் பொறுமையாக விளக்கினார். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிராணி. ஒட்டகச் சாதி, திமில் கிடையாது. இன்கா மக்கள் காலத்துக்கும் முன்பிருந்தே சுமை தூக்குகிறது. பாதம் மெத்தென்று இருப்பதால் குதிரை அளவுக்குப் பாதையைக் கிளறாது. தன் எடையில் கால்பங்கு சுமக்கும். பாரம் கூடிப்போனால் மட்டும் அப்படியே படுத்துவிடும். அதட்டி எழுப்பினால் மூஞ்சியில் துப்பும்.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா தலையை நிமிர்த்தினார்.

"பாரம் கூடுனா படுத்துருமா? அது எந்தச் சங்கம் தம்பி?"

அவர் கேட்டது விளையாட்டுக்கல்ல. நாள் சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்று இங்கே வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்து, 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. நின்றுகொண்டே கேட்டதால்தான் அவ்வளவு காலம் போயிற்றோ, லாமா மாதிரி படுத்துக் கேட்டிருக்க வேண்டுமோ என்பது தாத்தாவின் சந்தேகம்.

லாமா வரவில்லை. மூட்டை கட்டவும் முகாம் அடிக்கவும் பழக்குகிற வகுப்பு மட்டும் நடந்தது. கொழும்பிலும் கண்டியிலும் வேலை பார்க்கும் பன்னிரண்டு இளவட்டங்கள் ஆளுக்கொரு மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். பாதிப்பேர் லயத்தில் பிறந்தவர்கள். தேயிலை மலைக்குள் இரவு தங்குவது எப்படி என்று பழகக் காசு கட்டியிருந்தார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டமாக 300 கிலோமீட்டருக்கு மேல் போய் நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதையை ஒருநாள் முழுசாக நடந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பாதை பழையதுதான். வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் போகவும், தேயிலை வண்டி போகவும் வெட்டியது. வெட்டியவர்கள் நடந்தே போனார்கள். அந்த நடைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அண்ணன் முதல் பாடத்தைத் தொடங்கினார். மலைநாட்டில் பொதிமாடு புதிதல்ல. ரோடும் ரயிலும் வருமுன் கோப்பி மூட்டை இறங்கியதே மாட்டு முதுகில்தான். பொதிமாட்டுக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் தவலம என்று பெயர். தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். பொதியும் முகாமும் இரண்டு மொழியிலுமாகச் சேர்ந்து காதுக்கு ஒரே சொல்லாகக் கேட்கிறது பாருங்கள் என்றார். நல்ல பேச்சு, நானே குறித்துக்கொண்டேன். அண்ணன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அடுத்து நிறுவை. ஒவ்வொரு மூட்டையையும் கொக்கித் தராசில் மாட்டி, "14 கிலோ 200 கிராம்" என்று கொப்பியில் எழுதினார். வேடிக்கை பார்த்த பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, படங்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிச்சுட்டு எழுதுங்க. அதான் தோட்டத்துச் சட்டம்" என்றாள் ஒருத்தி. கழிவு வெட்டியே கைவிட்டுப் போன கொழுந்தின் கணக்கு அவளுக்கு மனப்பாடம். அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பாரமான சாமானை முதுகெலும்பை ஒட்டி வை, இடுப்புப் பட்டியில் பாரத்தை இறக்கு, குனிந்து நடக்காதே என்றெல்லாம் பாடம் நீண்டது. அந்த நேரம் பார்த்து மேல் மலையிலிருந்து நாலு பேர் இறங்கி வந்தார்கள். தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கொழுந்தைத் தொங்கவிட்டு, குனிந்து, வழுக்குக் கல்லில், செருப்போடு. வகுப்பு ஒதுங்கி வழிவிட்டது. ஒருநாள் பேர் விழ 18, 20 கிலோ எடுக்கிற கைகள் அவை. அவர்கள் போன பிறகு அண்ணன் பாடத்தைக் கொஞ்சம் மெதுவாகத் தொடர்ந்தார்.

லாமாவுக்குப் பதிலாக கிரகரி வாவிக் கரையிலிருந்து ஒரு மட்டக்குதிரையை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றிச் சுற்று வந்தே வயசான குதிரை. மூன்று கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் ஏற்றிக் கட்டியாயிற்று. குதிரை கம்பீரமாகப் புறப்பட்டது. பிள்ளைக் காம்பராவை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, ஆள் இறங்குவதற்காகக் காத்திருந்தது. இழுத்தார்கள். இன்னொரு சுற்று வந்து நின்றது. மூன்றாவது சுற்றில் குதிரைக்காரர் மூன்று சுற்றுக்கும் காசு கேட்டார். கடைசியில் சாமான் எல்லாம் மனுச முதுகுக்கே திரும்பியது.

முகாம் அடித்தது பழைய தேயிலை மலையின் உச்சியில். அண்ணன் தீ மூட்டப் பார்த்த மரத்துக்கு மேலே குளவிக் கூடு. கூடவே வந்த அப்பாயி கண்டு தடுத்திருக்காவிட்டால் பன்னிரண்டு பேரும் ஆஸ்பத்திரியில்தான் முகாம் அடித்திருப்பார்கள். குளவி கொட்டிச் செத்தவர்கள் தோட்டங்களில் உண்டு, அதில் பகிடிக்கு இடமில்லை. அட்டைக்கு அண்ணன் வெளிநாட்டுக் காலுறை வைத்திருந்தார். அட்டை அதற்கும் மேலே ஏறிப் போய்க் கடித்தது. அப்பாயி சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டாள்.

கூடாரம் எழும்பியது. "ஏழடிக்கு ஏழடி, நாலு பேர் தாராளமா படுக்கலாம்" என்றார் அண்ணன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பிள்ளை பெற்று வளர்த்த அப்பாயி, குனிந்து உள்ளே பார்த்தாள். "லயத்தைக் கட்டுன தொரையும் இதையேதான்டா சொல்லியிருப்பான்."

தேங்காய் ரொட்டியும் சம்பலும் கீழே வீட்டில் சுடச்சுட இருக்க, அண்ணன் வெந்நீரில் ஏதோ பக்கெட்டைக் கரைத்துக் குடித்தார். பிறகு நெருப்பைச் சுற்றிப் பேச்சு. மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போன நடையில் அண்ணனும் ஒருநாள் நடந்தவர். "அந்தக் காலத்தில நம்ம ஆளுங்க எவ்வளவு பாரத்தோட நடந்திருப்பாங்க அப்பாயி?" என்று கேட்டார்.

"ஒரு சட்டி, ஒரு துணிமூட்டை. வேற என்னா இருந்துச்சு? மிச்சப் பாரமெல்லாம் இங்க வந்தப்புறம் ஏத்துனதுதானே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசாததற்குக் குளிரும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். தை, மாசியில் குதிரைப் பந்தயத் திடலின் புல் வெள்ளையாக உறையும்.

இரவு பதினொரு மணிக்கு மழை பிடித்தது. பதினொன்றரைக்கு முதல் கூடாரம் பள்ளத்துக்கு நகர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆயம்மாவை எழுப்பிச் சாவி வாங்கி, பன்னிரண்டு பேரும் பிள்ளைக் காம்பராவில் தூங்கினார்கள். அண்ணனுக்குத் தொட்டில்தான் மிஞ்சியது. தலையை மட்டும் வைத்துக்கொண்டார்.

காலையில் நனைந்த கூடாரங்களின் பாரம் இரண்டு மடங்காகிவிட்டது. தூக்கிப் பார்த்த அண்ணன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எழும்பச் சொல்லி யாரும் அதட்டவில்லை, துப்பிவிடுவாரோ என்ற பயம். அப்பாயிதான் படங்கை விரித்து, மூன்று கூடாரத்தையும் சுருட்டிக் கட்டி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். எழுபத்திரண்டு வயது. இடுப்புப் பட்டி கிடையாது.

அடுத்த வகுப்பு அடுத்த போயா விடுமுறைக்கு. வருகிறவர்கள் தலையணை கொண்டுவந்துவிடுங்கள். பிள்ளைக் காம்பராவில் பாய் மட்டும்தான் இருக்கிறது.