பாதியாகும் பரிசு

கேள்வி: நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிட்காயின் சுரங்கப் பரிசு பாதியாகிறதே, விலை இரட்டிப்பாக வேண்டாமா?

பதில்: பாதியாவது புது வரத்துதான், கையிருப்பு அல்ல. 2009-இல் ஒரு பிளாக்குக்கு 50 காயின். 2,10,000 பிளாக்குக்கு ஒரு வெட்டு விழுந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. நாளுக்குச் சுமார் 7,200 வந்த இடத்தில் இன்று 450. உச்சவரம்பான 2 கோடியே 10 லட்சத்தில் சரிபாதி முதல் வெட்டுக்கு முன்பே வந்துவிட்டது. இப்போது புழங்குவதோடு ஒப்பிட்டால் ஆண்டு வரத்து ஒரு சதவீதம்கூட இல்லை. முன்கூட்டியே ஊரறிந்த வெட்டுக்கு விலை ஏன் இரட்டிக்க வேண்டும்? 2012, 2016, 2020 வெட்டுகளுக்குப் பிறகு ஏறியதே என்பார்கள். ஏறியது உண்மை, மூன்று முறை நடந்ததை விதி என்று நான் ஏற்கமாட்டேன். வாங்க ஆள் வந்ததால் ஏறியது. என் கவலை வேறு: பரிசு தேயத் தேய, சுரங்கக்காரர்களின் மின்செலவைப் பரிமாற்றக் கட்டணம்தான் தாங்கியாக வேண்டும்.