ஓட்டைக்கு வந்த யோகம்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. காலேஜுல என்ன பண்றேன்னு கேட்டா, "துளையுள்ள பொருள் செய்யறேன் தாத்தா"ன்னு பெருமையாச் சொல்றே. ஓட்டை போடறதுக்கு எம்.எஸ்ஸி. எதுக்குடா? நம்ம செம்மேட்டு எலிங்க படிக்காமயே போடுதே! சாமை மூட்டை ஒண்ணையும் விட்டு வைக்கலை.

கோவிச்சுக்காதே. உன் தங்கச்சி போன்ல படிச்சுக் காட்டினா. 2025-ல வேதியியல் நோபல் பரிசே ஓட்டைக்குத்தானாம். ஜப்பான்ல சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவுல ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவுல ஒமர் யாகி, மூணு பேருக்கும் பங்கு. உலோகத்தை மூலைக்கு மூலை நிறுத்தி, கார்பன் மூலக்கூறைக் குறுக்குச் சட்டமா மாட்டிக் கட்டறாங்க. நடுவுல அத்தனையும் காலி. நம்ம மலைத்தேன் அடை மாதிரின்னு வச்சுக்க; அறைதான் கண்ணுக்குத் தெரியாது. 1999-ல யாகி செஞ்ச 'மாஃப்-5' பொடியில ரெண்டு மூணு கிராம் எடுத்தா, உள்பரப்பு மட்டும் ஒரு கால்பந்து மைதானம் அளவு வருமாம். அரைக் காணி நெலத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறற ஊருல இதை வெளிய சொல்லிடாதே; பட்டா கேட்டு வந்துடுவானுங்க.

ராப்சனுக்கு இப்படிக் கட்டற யோசனை எங்க தோணுச்சு தெரியுமா? 1974-ல, பசங்களுக்கு மூலக்கூறு பாடம் நடத்த மரப்பந்துல துளை போடச் சொன்னப்போ. குச்சி சொருகற துளை எங்க இருக்கோ, அதுதான் மொத்த வடிவத்தையும் தீர்மானிக்குதுன்னு பிடிச்சுக்கிட்டார். நெசமாச் செஞ்சு காட்டினது 1989-ல. பதினஞ்சு வருசம்! நீயோ மூணாம் மாசமே ரிசல்ட் வரலைன்னு தாடி வளக்கறே.

யாகி ஜோர்டான்ல, அம்மான் நகரத்துல, அகதிக் குடும்பத்துல பொறந்தவர். குழாயில எப்பவாவதுதான் தண்ணி வரும். வர்ற நேரத்துல பிடிச்சு வைக்கணும். அந்தப் பையன்தான் வளந்து, அரிசோனா பாலைவனத்துக் காத்துலேருந்து தண்ணி எடுத்துக் காட்டினார். ராத்திரி இந்த மாதிரி ஓட்டைப் பொடி காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். பகல்ல வெயில் பட்டா விட்டுடும். மார்கழியில நம்ம வீட்டுக்குள்ள கேக்காமயே நுழையற மஞ்சு வேற, இது கண்ணுக்கே தெரியாத ஈரம்.

இதே ஓட்டையில புகையிலேருந்து கரியமில வாயுவைப் பிடிக்கலாம், தண்ணியில கலந்த நஞ்சை எடுக்கலாம். பழம் விடற எத்திலீன் வாயுவைப் பிடிச்சு வச்சா பழம் மெதுவாப் பழுக்குமாமே? மொதல்ல அதைப் பண்ணு கண்ணு. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேரறதுக்குள்ள நம்ம வாழைத்தார் கறுத்துப் போகுது; யாவாரி பாதி விலைக்கு அடிச்சுக் கேக்கறான்.

இன்னொண்ணு. புகையைக் குடிக்கத்தான் பொடி வந்துடுச்சேன்னு மரத்தை வெட்டற புத்தி சில பேருக்கு வரும். நம்ம சோலைக்காடு அந்த வேலையச் சம்பளம் வாங்காம செய்யுதுன்னு அவங்ககிட்டச் சொல்லு. உன் பொடி ஈரம் பட்டா உதிரக் கூடாது, டன் கணக்குல செஞ்சாலும் விலை கட்டுப்படியாகணும். பல பொடி அங்கதான் கவுந்துச்சு.

கடைசியா ஒண்ணு. படிச்சதை எல்லாம் மண்டையில திணிச்சு அடைச்சுடாதே. காலி இடம் இருக்கற சரக்குக்குத்தான் நோபல் கிடைச்சிருக்கு; கொஞ்சம் காலி விடு, பெரியவங்க பேச்சும் உள்ள தங்கட்டும்.